ஒரே ஒரு சிவப்பு

"எல்லாரும் பச்சைய அமுக்கிட்டீங்களா? எவனாவது சிவப்பத் தொட்டீங்க, அப்புறம் நா மனுசனா இருக்க மாட்டேன், ஆமா!"

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்ததும் முடியாததுமாக மாரி சத்தம் போட்டார். கூடையைத் தூக்கப்போன ஆதியம்மாள் தன் புருஷனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவனுக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாதுதான். ஆனால், வினிதா மாதிரி ஒரு பெண்ணைப் பெற்றால் கொஞ்சம் ஆகலாம் என்று அவளுக்கே தோன்றியது.

வினிதா செங்கல்பட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். மனசு சரியில்லாதவர்கள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலையாமல், இருந்த இடத்திலேயே போன் மூலம் உதவி பெற ஒரு வழி. தினமும் காலையில் குப்பத்தில் எல்லார் போனிலும் ஒரு கேள்வி வரும்: 'இன்னிக்கு மனசு எப்படி கீது?' நன்றாக இருந்தால் பச்சை, பாரமாக இருந்தால் சிவப்பு. யார் எதை அமுக்கினார்கள் என்று பெயர் வெளியே வராது.

"அண்ணாத்த, மெய்யாலுமே மனசு பேஜாரா இருந்தா?" என்று கேட்டான் பெஞ்சமின். பொண்டாட்டி செத்த பிறகு யாரோடும் ஒட்டாமல் திரிகிறவன்.

"இருந்தா இன்னாடா? ஒரு மாசம் பொறுத்துக்கோ. நம்ம குப்பத்துப் பொண்ணு பரீச்ச எழுதிகினு கீது. நாம பச்ச வெச்சா பாஸு, சிவப்பு வெச்சா ஃபெயிலு. அவ்ளோதான்!"

குப்பமே தலையாட்டியது. ஆதியம்மாளும் தினம் ஒரு பச்சை வைத்துவிட்டுத்தான் மீன் விற்கப் போனாள்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வினிதா வந்து இறங்கினாள். மாரியும் பெஞ்சமினும் படகு நிழலில் உட்கார்ந்து, நீட்டிய காலின் கட்டைவிரலில் வலையை மாட்டிக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வா பாப்பா! இன்னா, பாஸா?"

"நைனா, நீ இன்னா வேல பண்ணி வெச்சிகீற?" வினிதாவின் குரல் உடைந்தது. "ஊரே பச்சை! இந்தக் குப்பத்துல யாருக்கும் கவலையே இல்ல, உன் ஆராய்ச்சி இங்க தேவையில்ல, மூடிடுன்னு மேல சொல்லிட்டாங்க."

பக்கத்தில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஆதியம்மாள் நிமிர்ந்தாள். "நல்லா கீறோம்னு சொன்னா தப்பாடி?"

"அம்மா, இது பரீச்சை இல்லம்மா! யாருக்கு வலிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் இவ்ளோ பாடு. இத்தன வருச உழைப்பும் போச்சுன்னு உக்காந்துட்டேன். அப்பதான் கவனிச்சேன். ஒரே ஒரு சிவப்பு. ஒருநாள் விடாம, தினமும்."

ஆதியம்மாளின் பார்வை நேராகப் பெஞ்சமின் மேல் போய் நின்றது.

"அக்கா, என்ன ஏன் மொறைக்கிற? சத்தியமா நா பச்சதான்! அண்ணாத்த மெரட்டினாரே!"

"யாரையும் திட்டாதம்மா," வினிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அந்த ஒரு சிவப்பக் காட்டித்தான் சண்ட போட்டேன். ஊரே நல்லா கீறேன்னு சொல்றப்போ, ஒருத்தர் மட்டும் தைரியமா நெசத்தச் சொல்றாரு. அவர நம்பி இன்னொரு தபா கேளுங்கன்னேன். ஒத்துக்கினாங்க! நாளைலேர்ந்து மனசுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர், சுஜாதா மேடம், நம்ம குப்பத்துக்கே வந்து எல்லார்கிட்டயும் பேசப் போறாங்க. ஆராய்ச்சியும் நிக்காது."

பெஞ்சமின் தலையைச் சொறிந்தான். "அந்த மேடத்தாண்ட... நா கூட பேசலாமா பாப்பா?"

"உங்களுக்காகத்தான் மாமா வராங்க."

ஆதியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. செங்கல்பட்டு ஆபீசில் இத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவே தன் வயிற்றில் பிறந்தது நின்று வாதாடி ஜெயித்திருக்கிறது! மகளின் முகத்தை இரு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"அந்த சிவப்பு யாருன்னு எனக்குத் தெரியாதும்மா, தெரியவும் கூடாது. ஆனா நேர்ல பாத்தா கால்ல வுழுந்து கும்பிடுவேன்" என்றாள் வினிதா.

மாரி, நீட்டியிருந்த காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டார்.

"கால்லலாம் வுழாத பாப்பா. படகு கவுந்து, எங்கூட தொழிலுக்கு வந்த மணி கடலோட போனான் பாரு, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. உன் பேரு நிக்கணும்னு ஊரையே பொய் சொல்ல வெச்சேன்... ஆனா கேக்கறது நீயாச்சே, உங்கிட்ட நா எப்பிடிம்மா பொய்ய அமுக்குவேன்?"