திரையில் ஒரு நீல டின்

துடியலூர் சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில், காபிக் கோப்பையை உதட்டருகே நிறுத்தியபடி லோகப்பிரியா சுவர்த்திரையையே பார்க்கிறாள். வண்டிக்கு நடக்கும் வேலையை வாடிக்கையாளர்களே பார்க்கட்டுமென்று ஷோரூம்காரர்கள் பெருமையோடு மாட்டிய திரை அது. வாரண்டி முடியாத அவளுடைய சிவப்புக் காரின் பானெட் திறந்து நிற்க, நீல டின்னிலிருந்து ஆயில் பொன்னிழையாக இறங்குகிறது. மெக்கானிக் லேபிளைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருக்கிறான். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை நடத்துகிறவளுக்கு அந்தப் பிடி தெரியும். மட்ட எண்ணெயைக் கலக்கிறவன் அப்படித்தான் பிடிப்பான். கோபத்தைவிட, கையும் களவுமாகப் பிடிக்கப்போகும் குதூகலத்தில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. “ஏனுங்க தம்பி, அது கம்பெனி ஆயிலுங்களா?” “சத்தியமா கம்பெனி ஆயில்தானுங்க மேடம்,” என்கிறான் சர்வீஸ் அட்வைசர் நிதீஷ், திரையைப் பார்க்காமலே.

மெக்கானிக் காலி டின்னைத் தரையில் போடுகிறான். அது ஒரு சுற்று உருண்டு, லேபிளைக் கேமராவுக்கே காட்டி நிற்கிறது. சுவர் அகலத்துக்கு வேறொரு கம்பெனியின் பெயர். சோபாக்களில் செல்போன்கள் தாழ்கின்றன. மூலையில் ஒருவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமுகிறார். நிதீஷ் ரிமோட்டை எடுக்கப் பாய்கிறான். அது எப்போதோ லோகப்பிரியாவின் கைக்குள் போய்விட்டது. “ஓடட்டுங்க தம்பி,” என்கிறாள், குரலை உயர்த்தாமல். “அடுத்து யாரு வண்டின்னு பாக்கலாமுங்க.” திரைக்குள் ஒரு வெள்ளைக் கார் மெல்ல நுழைகிறது. இருமியவரின் சிரிப்பு அப்படியே நின்றுபோக, அவர் எழுந்து திரையருகே வருகிறார்.