தோலெகெனின் கைப்பக்குவம்

தவிட்டுக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. மேலே தீயில்லை. உள்ளே கங்கு.

கோஸ்தனாய் நகருக்கு வெளியே உள்ள அந்த மாவு ஆலையில் தோலெகென்தான் தீயணைப்புப் பொறுப்பாளர். பதினொரு வருட உத்தியோகத்தில் இதுதான் முதல் நிஜ நெருப்பு. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. வெட்கக்கேடுதான்.

வகுப்பெடுக்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றே ஒன்று. தூசியை அடிக்காதே, நனை. பீய்ச்சியடித்தால் தவிடு மேகமாய்க் கிளம்பும். கங்கு பட்டால் அந்த மேகமே வெடிக்கும். ஆலையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.

ஹோஸின் முனையை ஒரு திருகு திருகினார்.

"முழுசாத் திற!" என்று கத்தினார்.

பம்ப் பார்க்கும் குல்பார்ஷின் வால்வைத் திறந்தாள்.

தண்ணீர் சத்தமில்லாமல், சோம்பலாக விழுந்தது. ஒரு துகள் எழும்பவில்லை.

என்ன கை இது என்று தோலெகெனுக்குத் தன் கை மேலேயே மரியாதை வந்தது.

வாசலில் நின்ற மூட்டைக்காரன் சபார் சிரித்தான். "அண்ணே, தக்காளிச் செடிக்கா ஊத்துறீங்க?"

தோலெகென் குவியலிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊற்றினார். கலைஞன் கூட்டத்தோடு வாதாடுவானா?

அரை மணியில் புகை அடங்கியது. ஆலை இயக்குநர் வந்து தோளில் தட்டினார். "எல்லாம் அனுபவம்" என்றார் தோலெகென், அடக்கத்தை அடக்க முடியாமல்.

ஹோஸைச் சுருட்டும்போதுதான் முனையைப் பார்த்தார்.

அவர் தூவலுக்குத் திருகியிருக்கவில்லை. பீய்ச்சலுக்குத் திருகியிருந்தார்.

அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே உத்தரங்களில் மாவுத்தூசி விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது.

மெல்ல வால்வுப் பக்கம் நடந்தார். பம்பை நிறுத்தியிருந்தாள். வால்வு மட்டும் திறந்தபடியே இருந்தது, அதுவும் கால் சுற்றுதான்.

"முழுசாத் திறன்னுதானே சொன்னேன்?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

குல்பார்ஷின் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எந்தப் பக்கம் திருகினீங்கன்னு பார்த்துட்டுத்தாண்ணே கால் சுத்தோட நிறுத்தினேன். நம்ம ஊர்ல 'போதும், கிளம்புங்க'ன்னு வாயால சொல்லாம, கிண்ணம் நிறைய டீ ஊத்தி விருந்தாளியக் கிளப்பிவிடுவோமே, அது மாதிரி ஆலையில இருக்கிற இருபத்தாறு பேரையும் ஒரேயடியாக் கிளப்பிவிடச் சொல்றீங்களா?"