பறக்காத வாத்து

ஆம்ப்ரோஸ் துரையிடம் முப்பத்தொரு மர வாத்துகள் இருந்தன. ஏரியில் மிதக்கவிட்டு நிஜ வாத்துகளை இறங்க வைக்கும் பொம்மைகள். வேட்டையை விட்டு ஆறு வருடமாகியும் பொம்மை சேர்க்கும் பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

கன்னியம்மா என்பவளிடம் பழைய வாத்து ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஜட்கா வண்டி பிடித்து அவள் குடியிருந்த நீலசந்திராவுக்கே வந்துவிட்டார். அவள் துணியைப் பிரித்ததும் துரைக்கு வாயெல்லாம் பல்.

"விலாவுல என்னம்மா ஓட்டை?"

"குண்டு தொரை. நெஜ வாத்துன்னு யாரோ சுட்டுட்டாங்க."

துரை சிரித்தார். "நான் கடைசியா சுட்டது நெஜ வாத்துதான். அல்சூர் ஏரியில, கிறிஸ்மஸுக்கு மொத நாள் விடியக்காலம். என்னைப் பாத்து எல்லாம் பறந்துடுச்சு, ஒண்ணு மட்டும் மெதுவா நீந்திக்கிட்டே இருந்துச்சு. ஒரே குண்டு, முழுகிடுச்சு. பொம்மைன்னா மிதந்திருக்குமே! எவ்வளவு தேடியும் கெடைக்கல. ஆறு வருஷமா தெனம் கனவுல வருது."

கன்னியம்மா வாத்தைக் கவிழ்த்தாள். உள்ளே ஒரு தலை நுழையும் அளவுக்குக் குடைந்திருந்தது.

"எங்க வூட்டுக்காரரு இதத் தலையில கட்டிக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில நடந்துபோய் வாத்துக் காலப் புடிச்சு இழுப்பாரு தொரை. அந்தக் கிறிஸ்மஸுக்கு மறுநாள்தான் அவரு ஒடம்பும் இந்த வாத்தும் ஒண்ணா மெதந்துச்சு."