வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

இருளாண்டிக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. ஆனாலும் விடிந்ததும் அரிசிக் கிடங்கு வாசலில் போய் நின்றான். அங்கே வெறும் வயிற்றில் டீயும் வலி மாத்திரையும் கொடுத்த பிறகுதான் முதுகில் மூட்டை ஏற்றுவார்கள். விழுங்கினார்களா என்று மேஸ்திரி சற்குணம் ஒவ்வொருவன் வாயையும் பார்ப்பான்.

"வாயத் தொறடா மாப்ள."

இருளாண்டி மாத்திரையைக் கையிலேயே வைத்திருந்தான். "கால் வீங்குதுன்னு பெரியாஸ்பத்திரிக்குப் போனேண்ணே. இது வலியைத் தீக்காதாம். வலிக்குதுன்னு உடம்பு சொல்றதைத்தான் அமுக்குமாம். கிட்னிக்குப் போற ரத்தக்குழாயை நெருக்கிக்கிட்டே இருந்திருக்கு. ரெண்டும் சுருங்கிப்போச்சு. இனிமே மெஷின்லதான் ரத்தத்தைக் கழுவணுமாம்."

"அந்த டாக்டரை வந்து ஒரு மூட்டை தூக்கச் சொல்லு. நான் என்ன விஷமா குடுத்தேன்? ஓசியிலதானடா குடுத்தேன்!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஓசியா? வலிச்சிருந்தா எறக்கி வச்சுட்டு உக்காந்திருப்பேன். உக்காரக் கூடாதுன்னுதானேடா குடுத்த?"

சிரிப்பு நின்றது. பின்னால் நின்றவன் வாயில் போட்டிருந்த மாத்திரையைத் துப்பினான். சற்குணம் தெருவைப் பார்த்தான். முதலாளியின் கார் இன்னும் வரவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சரிடா, கத்தாத. ஒரு வாரக் கூலி போட்டுத் தரச் சொல்றேன். வீட்டுக்குப் போ."

"கூலியை நீயே வச்சுக்க. நீயும் உன் முதலாளியும் எனக்கு ரெண்டு கிட்னி பாக்கி."