சுவர் நிறைய சிரிப்பு

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றாள் மனைவி.

பழைய சாமான் கடையில் அள்ளி வந்த பிரேம்களுக்கெல்லாம் ஒரே கறுப்புப் பெயின்ட். பதினோராவது குடும்பப் படத்தை மாட்டுவதற்குள் முக்காலியில் நின்றவனுக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

சாயங்காலம் தரகர் ஒரு இளம் ஜோடியை அழைத்து வந்தார். சுவரைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்கு மனசு இளகிவிட்டது.

"எவ்வளவு சந்தோஷமா வாழ்ந்திருக்காங்க. இந்த வீட்டையே வாங்கிடலாங்க," என்றாள் கணவனிடம்.

அவர்கள் போனதும் படங்களைக் கழற்ற அவன் அலுப்போடு மறுபடி முக்காலியில் ஏறினான்.

"தரகர் சொன்ன மாதிரியே படத்துல விழுந்துட்டாங்க. இதுல உனக்கு எது வேணும்?"

"நீங்க இல்லாதது எதுவா இருந்தாலும் சரி."

ஒவ்வொன்றாகப் பார்த்தான். "எல்லாத்துலயும் நான் இருக்கேனே."

"அப்ப வெறும் பிரேம் போதும். நாளைக்கு ஃபேமிலி கோர்ட்ல கடைசி ஹியரிங். நேரத்தோட வந்துடுங்க."