யாருக்கும் சொந்தமில்லாத மலை

காகிதம் கைமாறிவிட்டது. இனிப் பிடுங்கவும் முடியாது. பதினாறு வயது நொயேமியா மேசையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊராட்சி அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் ஹார்டிங். சுரங்கக் கம்பெனி ஆள். ‘நன்றி’யைத் தவிர போர்த்துகீசியத்தில் ஒரு வார்த்தை தெரியாதாம். நிலப் பத்திரத்தை அவள் மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

‘ஃப்ரெகெசியா’வுக்கு ‘பாரிஷ்’, ‘கொன்செல்யு’வுக்கு ‘முனிசிபாலிட்டி’. அதெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். மேய்ச்சல் மலை வந்த இடத்தில்தான் வில்லங்கம். ‘ஊராரின் பொதுநிலம்’ என்றிருந்ததை ‘யாருக்கும் சொந்தமில்லாத தரிசு’ என்று எழுத வைத்தவர் அதெரித்து மாமா. பொதுநிலம் என்றால் விற்பதற்கு ஊர் கூடிக் கை தூக்க வேண்டும். தரிசு என்றால் ஊராட்சித் தலைவர் கையெழுத்தே போதும். தலைவர் மாமாதான். அவளும் அம்மாவும் ஒண்டியிருப்பதும் அவர் வீட்டில்தான்.

“என்னடி இவன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்?” சிரித்த முகம் மாறாமல் போர்த்துகீசியத்தில் கேட்டார் மாமா. “மூஞ்சியப் பாரு, உரிச்ச முயலாட்டம்!”

“மெதுவா, மாமா...”

“அவனுக்கு என்ன எழவு புரியப்போகுது? ஒயினை ஊத்து.”

ஊற்றினாள். ஹார்டிங் தப்பும் தவறுமாக நன்றி சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அவளிடம் கேட்டார்.

“அந்த மலைல யாரும் ஆடு மேய்க்கிறதில்லையாம்மா?”

“இல்ல சார்.”

அம்மா அந்த நேரம் அங்கேதான் ஆடுகளோடு நின்றிருந்தாள்.

மாதா கோயில் மணி அடித்தது. ஆண் செத்தால் மும்மூன்றாக அடிக்கும், பெண் செத்தால் இரண்டிரண்டாக. இது இரண்டிரண்டாக அடித்தது. ஹார்டிங் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“பாவம். யாரந்த அம்மா?”

“ரொட்டிக்கடை பெர்பேத்துவாவா இருக்கும் சார். ரொம்ப நாளா படுக்கைல கெடந்தாங்க.”

“என்னவாம்?” என்றார் மாமா.

“செத்தது யாருன்னு கேக்குறார்.”

“ஏன், வந்து ஒப்பாரி வைக்கப்போறானா? பேனாவைக் குடு, சீக்கிரம் கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பச் சொல்லு.”

பேனாவை நீட்டிய கை பாதியில் நின்றது. செத்தது பெண் என்று ஹார்டிங்குக்கு யார் சொன்னது?

ஹார்டிங் பேனாவை வாங்கவில்லை. காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். மாமாவை ஏறெடுத்தும் பார்க்காமல், இந்த மலைக்காரர்கள் மட்டுமே பேசும் அந்த இழுவையில், தெள்ளத்தெளிவான போர்த்துகீசியத்தில் கேட்டார்.

“நம்ம பேச்சுலயே சொல்லு, பொண்ணே. இந்த மலை யாரோடது?”