பளபளக்கும் இழைப்புளி

“யாரு பண்ணின வேலை இது?”

மூத்தவர் போட்ட சத்தத்தில் இடுப்பில் இருந்த பிள்ளை வீறிட்டது. சின்ன மருமகள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

கூடத்தின் நடுவில், செத்துப்போன மாமனாரின் தச்சுச் சாமான் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் மின்னின.

“நல்லாத்தானே இருக்கு” என்றான் மூத்தவரின் தம்பியான அவள் புருஷன், கதவில் சாய்ந்தபடி.

“என்னடா நல்லாயிருக்கு? அப்பாவோட தாத்தா பிடிச்ச இழைப்புளிடா இது! மூணு தலைமுறை கைபட்டுக் கைபட்டு ஏறின கறுப்பு. அதுக்குத்தான் மதிப்பே. பிடியில பேர் செதுக்கியிருந்துச்சே, எங்கே அது? தேய்ச்சு வழிச்சு எடுத்திருக்கு!”

மூத்தவருக்கு ஆபீஸ் உத்தியோகம். ஆனால் பழைய தச்சுச் சாமான் என்றால் உயிர். எங்கேயோ ஒரு மூலையில் பழைய உளி கிடக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், ஓடுவார். அவர் வீட்டில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் நடுத்தட்டை ஒரு வருஷமாகக் காலியாகவே வைத்திருந்தார். “பெட்டி மூத்தவனுக்கு” என்று மாமனார் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். வருஷ திவசம் கழித்து எடுத்துப்போவதாகப் பேச்சு; இன்றைக்கு அதற்குத்தான் வந்திருந்தார்.

சின்னவன்தான் அப்பாவின் தொழிலைச் செய்கிறவன். போன மாதம் பட்டறையில் தீப்பிடித்து அவன் சாமான் அத்தனையும் போயிற்று. இரவல் உளியோடு எத்தனை நாள் ஓட்டுவது? மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்: “திங்கட்கிழமை சொந்தச் சாமானோட வா. இல்லேன்னா வராதே.”

“உங்க அண்ணன்கிட்டக் கேளுங்களேன்” என்று அவளும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“அப்பா எனக்கில்லைன்னு சொன்னது எனக்கு வேண்டாம். அவனாக் கூப்பிட்டுக் கொடுத்தாலும் தொடமாட்டேன். பிச்சை வாங்கறதுக்கா ஆண்டவன் கையைக் கொடுத்தான்?”

அவன் வீம்பு அப்படி.

“கேக்கறேன்ல? யாரு தேய்ச்சது?” மூத்தவர் மறுபடி கத்தினார்.

மாமியார் நிதானமாக அவள் பக்கம் கையை நீட்டினாள்.

“சின்னவதான். துருப்பிடிச்சுக் கிடக்கேன்னு தேய்ச்சிருக்கா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவள் குடியிருப்பது பக்கத்துத் தெருவில். தினமும் காலையில் வந்து மாமியார் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகிறாள், வாஸ்தவம். ஆனால் பெட்டி இருந்த பின்னறைக்குள் காலே வைத்ததில்லையே!

“இல்லை அத்தை, நான்…” நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

“ஏம்மா, தெரியலைன்னா கேக்க வாயில்லையா? அடுப்படிப் பாத்திரமா இது, சாம்பலைப் போட்டு விளக்க?”

“அவளை ஏன் திட்டறே?” புருஷன் முன்னால் வந்தான். “தேய்ச்சா உளி உளிதானே? கரண்டியாவா மாறிடுச்சு?”

“உனக்கு உளி. எனக்குக் குப்பை! இதைக் கொண்டுபோய் அலமாரியில வச்சா, பார்க்க வர்றவன் கைகொட்டிச் சிரிப்பான். அம்மா, பழைய இரும்புக்காரன் வந்தா எடைக்குப் போட்டுடு!”

பெட்டியைப் படாரென்று மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மூத்தவர் போயே போய்விட்டார்.

சின்னவன் குனிந்து பெட்டியைத் திறந்தான். ஒரு உளியை எடுத்துக் கட்டைவிரலால் தடவினான்.

“எடைக்குப் போடறானாம்ல, எங்கப்பா உளியை! குப்பைக்குப் போறதை எடுக்க எவன் தயவும் வேண்டாம்.”

பெட்டியைத் தோளில் ஏற்றினான். “திங்கட்கிழமைக்குள்ள சாணை பிடிச்சுடணும்” என்றவன், அவள் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். “தேய்ச்சதுதான் தேய்ச்சே, நல்லாவே தேய்ச்சிருக்கே!”

அவன் சீட்டியடித்துக்கொண்டு போவது தெருமுனை வரைக்கும் கேட்டது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“சாமான் கிடைச்சது சந்தோஷம்தான் அத்தை. அதுக்காகச் செய்யாத தப்பை என் தலையிலயா கட்டுவீங்க? மூத்த மாமா மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்?”

மாமியார் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“வேற யாரைடி சொல்லட்டும்? நாப்பது வருஷம் தச்சனோட குடித்தனம் பண்ணினவ நான். பெரியவன் மனசும் எனக்குத் தெரியும். நான் தெரியாமச் செஞ்சேன்னா உன் புருஷன் நம்புவானா? இதுல என்னமோ இருக்குன்னு மோப்பம் பிடிச்சிடுவான். அப்புறம் பெட்டி இருக்கிற பக்கமே திரும்பமாட்டான்.”

“அப்ப நீங்கதான் தேய்ச்சீங்களா?” அவள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். “மூத்த மாமா ஆசை ஆசையா இடம் ஒதுக்கி வச்சிருந்தாரே அத்தை! பெத்த தாய் செய்யற காரியமா? அவருக்கு எப்படி வலிச்சிருக்கும்?”

“வலிச்சுதுதான்.” மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “‘கொடுத்தா தம்பி வாங்கமாட்டாம்மா, குப்பைன்னு சொன்னாத்தான் எடுப்பான்’னு சொல்லிட்டு, மூணு நாளா நீ பெருக்கிட்டுப் போனதும் வந்து, உப்புத்தாளும் கையுமா உட்கார்ந்து ஒவ்வொண்ணா அழுதுகிட்டே தேய்ச்சதே பெரியவன்தானேடி!”